1700ஐ நிறுத்தினது யாரு?

கரும்பலகையில் மூன்று கட்டம் கீறி, ஒன்றில் சட்டத்துறை, இன்னொன்றில் நிறைவேற்றுத்துறை, மூன்றாவதில் நீதித்துறை என்று எழுதி, நடுவில் அம்புக்குறி போட்டுவிட்டால் அரசாங்கம் என்ற பாடம் முடிந்துவிடுகிறது. பாராளுமன்றம் சட்டம் ஆக்கும், ஜனாதிபதியும் அமைச்சரவையும் அதை நிறைவேற்றும், நீதிமன்றம் அதற்கு விளக்கம் சொல்லும். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துழைக்கும். இதை அப்படியே எழுதினால் முழுப் புள்ளி. நம்ம பிள்ளைகள் நன்றாகவே எழுதுவார்கள்.

ஆனால் அதே பிள்ளையிடம், "உங்க அம்மாவுக்கு 1700 ரூபா குடுப்போம்னு சொன்னாங்களே, அதை நிறுத்தினது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் கேட்டோம். கம்பனி, தொரை, கவர்மெண்ட் என்று ஆளுக்கொரு பதில். ஒரு பிள்ளை "யூனியன்" என்றது. ஒரேயொரு பையன் "கோர்ட்டு" என்றான். ஆனால் கோர்ட்டு எப்படி சம்பளத்துக்குள் வந்தது என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. மூன்று கட்டத்தையும் பெரட்டுக்களத்தையும் இணைத்து யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. எங்கள் கருத்து இதுதான்: மலையகத்தில் அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்று சொல்லிக்கொடுக்க, கடந்த சில வருடங்களின் சம்பளக் கதையை விடப் பொருத்தமான பாடப்புத்தகம் வேறு இல்லை. கட்டங்களை அழித்துவிட்டு இந்தக் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

கதை பழையதுதான், ஆனால் வரிசையாகச் சொன்னால் பெரியவர்களே "அப்படியா?" என்கிறார்கள். முன்பெல்லாம் தோட்டச் சம்பளத்தைத் தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானித்தார்கள். அரசாங்கம் பக்கத்தில் நின்று பார்க்கும், சில நேரம் மேசைக்குக் கூப்பிடும். 2015 அளவில் தொடங்கிய ஆயிரம் ரூபா கோரிக்கை, 2019இல் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் வந்து நின்றது. பேச்சு முறிந்த பிறகு விஷயம் சம்பள நிர்ணய சபைக்குப் போனது. இந்தச் சபை புதிதாக முளைத்த ஒன்றல்ல. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. முதலாளிகளின் பிரதிநிதிகள், தொழிலாளர் பிரதிநிதிகள், அரசாங்கம் நியமிப்பவர்கள் என்று மூன்று தரப்பு உட்காரும் இடம். 2021 பெப்ரவரியில் அங்கே வாக்கெடுப்பு நடந்து, 900 ரூபா சம்பளம், 100 ரூபா கொடுப்பனவு என்று முடிவானது. மார்ச்சில் வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. ஏப்ரலில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. ஆயிரம் ரூபா கைக்கு வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு பழைய சட்டம், அதன் கீழ் ஒரு சபை, ஒரு அமைச்சின் வர்த்தமானி, ஒரு நீதிமன்றம். பிள்ளை மனப்பாடம் செய்த மூன்று கட்டங்களும் அம்மாவின் சம்பளத் துண்டுக்குள் வந்துவிட்டன. அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று அது இப்போது தானாகவே கீறும்.

அடுத்தது 2024. மே தினத்தன்று கொட்டகலையில் வைத்து அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க 1700 ரூபா என்று அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. பட்டாசு வெடித்தது. கம்பனிகள் திரும்பவும் வழக்குக்குப் போயின. இந்தத் தடவை 2024 ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் சம்பள நிர்ணய சபையில் 1350 என்று ஒரு முடிவு வந்தது. பிறகு 2025 நவம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபா சம்பளமும், அரசாங்கமே கொடுக்கும் 200 ரூபா வரவு ஊக்கத்தொகையும் என்று 2026க்கு அறிவிக்கப்பட்டது. அதாவது இப்போது நம்ம சம்பளத்தின் ஒரு துண்டு பாராளுமன்றம் வாக்களித்து நிறைவேற்றும் பணத்திலிருந்து வருகிறது. தனியார் கம்பனியின் வேலைக்கு அரசாங்கக் காசு ஏன் என்ற கேள்வியை ஒன்பதாம் தரப் பிள்ளை கேட்டால் அதை அடக்காதீர்கள். அது நல்ல கேள்வி.

2024ஐச் சொல்லும்போது பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: "அண்ணே, அப்ப கோர்ட்டு கம்பனிப் பக்கமா?" இதுக்கு ஆமா என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொன்னால் பாடம் கெட்டுப் போகும். தொழிலாளிக்கு 1700 தேவையா, தகுமா என்பதை அந்த இடைக்கால உத்தரவு தீர்மானிக்கவில்லை. வழக்கு கேட்டு முடியும் வரை வர்த்தமானியை நிறுத்தி வைத்தது. ஒரு நல்ல காரியத்தையும் சரியான வழியில் செய்யாவிட்டால் அதை யாராவது நீதிமன்றத்தில் தட்டிவிட முடியும் என்பதைப் பிள்ளைகள் இதிலிருந்து படிக்கலாம். மே தின மேடையில் அறிவிப்பது வேறு, வழக்கில் நின்று பிடிக்கும்படி ஒரு வர்த்தமானியைத் தயாரிப்பது வேறு. முதலாவதற்கு மாலை விழுகிறது. இரண்டாவதைப் பற்றி யாரும் மேடையில் கேட்பதில்லை.

சம்பளம் கூடினதும் கதை முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021க்குப் பிறகு பல தோட்டங்களில் நாளுக்கான கொழுந்து அளவைக் கூட்டினார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர். வர்த்தமானியில் ஆயிரம் இருக்கும், துண்டில் ஐநூறு இருக்கும். சட்டம் எழுதப்படும் இடத்துக்கும் சட்டம் நிறைவேறும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் அதைத் தினமும் பார்க்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். நம்ம பிள்ளைகள் தமிழ்நாட்டுப் படமும் டிவியும் பார்த்து வளர்கிறவர்கள். அங்கே உயர் நீதிமன்றத்துக்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இங்கே உயர் நீதிமன்றம்தான் உச்சியில் இருப்பது, அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம். 'மேல்' என்று பெயர் வைத்துக்கொண்டு கீழே இருப்பது பெரியவர்களையே குழப்புகிறது. இதைத் தெளிவாக்காமல் 1700 கதையைச் சொன்னால், "இன்னும் மேல போய் கேஸ் போடலாம்தானே" என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்.

இனி மாகாணத்துக்கு வருவோம். மத்திய மாகாணம் என்று பாடசாலைப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறது. மலையகத்தின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணப் பாடசாலைகள். ஆசிரியர் இடமாற்றத்திலிருந்து கட்டடம் வரை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கையில். 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்கு ஒரு சபை, அந்தச் சபைக்குப் பொறுப்புச் சொல்லும் முதலமைச்சரும் அமைச்சர்களும், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர், மாகாண மேல் நீதிமன்றம் எல்லாம் இருக்க வேண்டும். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு சபை இல்லை. மேசைக்கு மூன்று கால் என்று சொல்லிக்கொடுக்கிறோம். நம்ம மாகாணத்தில் ஒரு காலைக் கழற்றி ஏழு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கு முதலாம் தரத்தில் இருக்கும் பிள்ளை பிறந்ததிலிருந்து மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவரைக் கண்டதே இல்லை.

ஏன் தேர்தல் நடக்கவில்லை என்பதும் நல்ல பாடம், கொஞ்சம் சிரிப்பும் வரும். 2017இல் தேர்தல் முறையை மாற்றிப் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதற்காகத் தொகுதிகளைப் பிரிக்கும் அறிக்கை ஒன்று தயாரானது. 2018 ஓகஸ்ட்டில் அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை, நடுவில் தேர்தல் தொங்குகிறது. பெரிய வில்லன் யாரும் தேவையில்லை. ஒரு சட்டத்தைப் பாதியில் விட்டாலே போதும், மக்களின் வாக்கு வருடக்கணக்கில் காணாமல் போய்விடும்.

பிரதேச சபைகளுக்கும் கிட்டத்தட்ட அதே கதி வந்தது. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தலுக்குத் திறைசேரியிலிருந்து பணம் வரவில்லை. உயர் நீதிமன்றம் பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அப்படியும் தேர்தல் நடக்கவில்லை. 2024 ஓகஸ்ட்டில் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. பாராளுமன்றம் ஒதுக்கிய பணம், அதைக் கொடுக்காத நிறைவேற்றுத்துறை, கொடு என்ற நீதிமன்றம், அதற்கும் அசையாத நிர்வாகம். நீதிமன்றத்தின் கையில் பேனா மட்டும்தான் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

இதுவரை சொன்னதெல்லாம் துறைகள் இழுபறிப்படும் கதைகள். "பிள்ளைகளுக்கு நல்லதைச் சொல்லிக்கொடுங்களேன், மூன்றும் ஒத்துழைப்பதைச் சொல்லுங்களேன்" என்று சில ஆசிரியர்கள் எங்களிடம் சொல்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கிறோம். இந்த நாட்டின் வரலாற்றில் மூன்று துறைகளும் ஒரு குறையும் இல்லாமல் ஒத்துழைத்த சந்தர்ப்பம் ஒன்று நமக்குத் தெரியும். அதைச் சொல்லலாமா?

1948இல் அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. பாராளுமன்றம் நிறைவேற்றியது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோருக்கான பிரஜாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் ஆக்கும் திருத்தமும் வந்தன. 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் பட்டியலிலேயே இல்லை. அன்றைய சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது என்று அது சொன்னது. நம்மைக் காப்பாற்ற இருந்த ஒரே கதவு அது.

அந்தக் கதவைத் தட்டியவர் கோடகன் பிள்ளை. வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். பதிவு அதிகாரி முடியாது என்றார். மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம், இந்தச் சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று சொல்லி அவர் பக்கம் தீர்த்தார். ஒரு சாதாரண அதிகாரி அப்படி எழுதினார் என்பதை நம்ம பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த முடிவை 1951இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் அங்கும் தோற்றது. யார் பிரஜை என்று வரையறுக்கும் சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லிக் குறிவைக்கவில்லை என்பதே தர்க்கத்தின் சாரம். பெயர் சொல்லாமலே குறி தப்பாமல் விழுந்தது.

அமைச்சரவை, பாராளுமன்றம், நீதிமன்றம். மூன்றும் ஒரே பக்கம். விளைவாக 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிக்கையாகப் பங்கு போடப்பட்டார்கள். அதைத் திருத்த 1986, 1988, 2003 என்று சட்டத்துக்கு மேல் சட்டம் தேவைப்பட்டது. இன்றைக்கும் லயத்தில் பாட்டியின் பெட்டிக்குள், பழைய சேலைக்கு அடியில், மடித்து வைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள், இலேசில் கையில் தர மாட்டார்.

ஆகவே ஒத்துழைப்பு என்ற சொல்லை நம்ம வகுப்பறையில் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். துறைகள் எதற்காக ஒத்துழைக்கின்றன, யாருக்கு எதிராக, எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றைத் தடுத்திருக்க வேண்டும் என்று கேட்கப் பழக்க வேண்டும். இப்போதைய அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரையே நீதித்துறை அதிகாரத்தைப் பாராளுமன்றம் நீதிமன்றங்கள் ஊடாகப் பிரயோகிக்கும் என்றுதான் சொல்கிறது. கரும்பலகையில் தனித்தனியாக நிற்கும் கட்டங்கள் மூலப் பிரதியில் அவ்வளவு தனியாக இல்லை.

இதையெல்லாம் பாடசாலையில் சொல்ல என்ன தடை? குடியுரிமைக் கல்வி சாதாரண தரத்தில் தொகுதிப் பாடம். எல்லாப் பிள்ளைகளும் எடுப்பதில்லை, எடுக்க ஆசைப்பட்டாலும் ஆசிரியர் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை பயம். "அரசியல் பேசாதீங்க" என்ற ஒரு வரி பாடசாலை வாசலிலேயே நிற்கிறது. நியமனமும் இடமாற்றமும் அரசியலோடு கலந்து கிடக்கும் இடத்தில் ஆசிரியர்கள் கட்டங்களோடு நிறுத்திக்கொள்வது விளங்குகிறது.

இன்னொன்று நம்ம பேச்சு வழக்கு. ரோடு வந்தால் தலைவர் போட்டுக் கொடுத்தார். வீடு வந்தால் அமைச்சர் பெற்றுக் கொடுத்தார். சம்பளம் கூடினால் வாங்கிக் கொடுத்தார். பத்திரிகைச் செய்தியும் பேனரும் இதே வினையில்தான் முடிகின்றன. யாருடைய காசு, எந்தச் சட்டம், எந்தச் சபையின் தீர்மானம் என்பதெல்லாம் அந்தக் 'கொடுத்தார்'க்குள் மறைந்துவிடும். வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தோம். பத்துச் செய்தித் தலைப்புகளை வெட்டி, 'பெற்றுக் கொடுத்தார்' வரும் இடத்தில் உண்மையில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதச் சொன்னோம். பாதிக்கு மேல் பிள்ளைகளால் எழுத முடியவில்லை. செய்தியிலேயே அந்தத் தகவல் இல்லை.

மாணவர் பாராளுமன்றம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதை நாங்கள் குறை சொல்லவில்லை. வாக்குச்சீட்டுப் பிடிக்க, மேடையில் பேச, தோற்றால் ஏற்றுக்கொள்ளப் பிள்ளைகள் அங்கே பழகுகிறார்கள். ஆனால் அதில் பிரதமர் இருக்கிறார், சுகாதார அமைச்சர் இருக்கிறார், வரவு செலவுத் திட்டம் இல்லை, நீதிமன்றமும் இல்லை. கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினால் அதிபர் பார்த்துச் சொல்வார். ஜனாதிபதியும் அவர்தான், உயர் நீதிமன்றமும் அவர்தான். குறைந்தது ஐயாயிரம் ரூபாவையாவது அந்தப் பாராளுமன்றத்தின் கையில் கொடுத்து, அதை எப்படிச் செலவழித்தார்கள் என்று விசாரிக்கும் உரிமையை அதில் இல்லாத மூன்று மாணவர்களுக்குக் கொடுங்கள். ஒரு தவணையில் பிள்ளைகள் மூன்று துறைகளையும் படித்துவிடுவார்கள், சண்டையும் பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

இந்த மாதம் நாங்கள் எடுத்தது ரோட்டை. லயத்திலிருந்து ஹட்டன் டவுனுக்கு வரும் வழி முழுக்க ஒரே ரோடு மாதிரித்தான் தெரியும். லயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து ரோடு, பிறகு பிரதேச சபை ரோடு, பிறகு மாகாண ரோடு, கடைசியில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பெரிய ரோடு. குழி எங்கே முடிகிறது, எங்கே தார் தொடங்குகிறது என்று பிள்ளைகள் நடந்து போய்க் குறித்து வந்தார்கள். அப்போதுதான் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைச் சொன்னோம். 1987லிருந்து தோட்டத்துக்குள் சபை தன் நிதியைச் செலவழிக்க அது குறுக்கே நின்றது. நாம் வாக்குப் போடுவோம், உறுப்பினரைத் தெரிவு செய்வோம், அவர் நம்ம லயத்துக்கு ஒரு லைட்டுப் போட முடியாது. 2018இல்தான் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. அதே வருடம்தான் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்களோடு கிடந்த இரண்டு சபைகள் ஆறாகி, முதன்முறையாகத் தேர்தலைக் கண்டன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் அப்படி வந்த சபைகள்தான்.

"அப்ப இப்ப போடலாம்தானே?" என்று எட்டாம் தரப் பிள்ளை ஒன்று கேட்டது. சட்டப்படி போடலாம். ஆனால் காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனியின் கையில். கதவைச் சட்டம் திறந்துவிட்டது, வாசலில் இன்னொருவர் நிற்கிறார்.

தோட்டத்து ரோடும் சபை ரோடும் சந்திக்கும் இடத்தில் ஒரு மதகு உடைந்து கிடக்கிறது. மழை நாளில் சின்னப் பிள்ளைகள் அதைத் தாண்ட முடியாமல் ஸ்கூலுக்குப் போவதில்லை. அது யாருடையது என்று பிள்ளைகளால் கண்டுபிடிக்க முடியவில்லை, எங்களாலும் முடியவில்லை. ஆகவே மூன்று கடிதம் எழுதினார்கள். ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு, ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று பிரதேச சபைக்கு. மூன்றாவதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பமாகவே, மதகு எந்த இடாப்பில் இருக்கிறது என்று கேட்டு, பெரியவர் ஒருவரின் கையெழுத்தோடு அனுப்பினோம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

இதுவரை வந்திருப்பது ஒரு பதில், சபையிலிருந்து. மதகு தங்கள் இடாப்பில் இல்லையாம். தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் கிடைத்தால் அடுத்த கூட்டத்தில் பேசலாமாம். சம்மதக் கடிதம் கேட்கும் கடிதத்தை இந்தச் சனிக்கிழமை எழுதுகிறோம்.